வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா: ஓராண்டுப் பயிற்சி

இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் எதற்கும் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலிருந்து கால்மணி நேரத்தில் நடந்து சேரக்கூடிய ஒரு மரநிழல் போதும். மாநகராட்சிப் பூங்கா, கோயில் குளக்கரை, கல்லூரி வளாகம், ரயில்வே குடியிருப்பின் பழைய சாலை என்று எதுவானாலும் சரி. அந்த ஓர் இடத்தை ஓராண்டுக்கு உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா வாங்கிய கையோடு முதுமலைக்கும் கபினிக்கும் ஓடுகிறவர்களைவிட நீங்கள் நல்ல படங்களோடு ஆண்டை முடிப்பீர்கள். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

காரணம் எளிது. பறவையும் அணிலும் ஓணானும் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டவை. அதே கிளை, அதே நேரம், அதே வழி. கரிச்சான் எந்தக் கம்பியில் வந்து உட்காரும் என்று தெரிந்தவர் அது வருமுன்பே சூரியனைப் பின்னால் வைத்துக்கொண்டு அங்கே நிற்கிறார். தெரியாதவர் அது பறந்த பிறகு லென்ஸைத் தூக்குகிறார். இந்த வித்தியாசத்தை எந்த விலை கொடுத்தும் கடையில் வாங்க முடியாது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் வரும்.

எடுத்துக்காட்டுகளைச் சென்னையிலிருந்தே தருகிறேன். மதுரையிலோ கோவையிலோ திருச்சியிலோ இருப்பவர்களுக்கும் மரமும் பறவையும் பெரும்பாலும் இவைதான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

அழகாக வெட்டி ஒழுங்குபடுத்திய பூங்காவைத் தேடாதீர்கள். புல்தரையும் வண்ணப் பூச்செடியும் மட்டும் உள்ள இடத்தில் மைனாவும் காகமும் தவிர அதிகம் கிடைக்காது. காய்ந்த இலை கூட்டப்படாமல் கிடக்கும் ஒரு மூலை, கொடி படர்ந்த சுற்றுச்சுவர், பட்டுப்போன ஒரு மரம், சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய், இவை உள்ள இடம்தான் நம் இடம். பட்ட மரத்தில் மரங்கொத்தி துளை போடும். அந்தப் பொந்தில் அடுத்த பருவம் கிளியோ மைனாவோ குடிவரும். அதன்பின் புள்ளி ஆந்தை வந்தாலும் வரலாம். அழகுபடுத்துகிறோம் என்று பட்ட மரத்தை வெட்டிய பூங்காவில் இந்தத் தொடர் அறுந்துபோகிறது. உங்கள் பூங்காவில் அப்படி ஒரு மரம் நின்றால், அது ஏன் நிற்க வேண்டும் என்று பொறுப்பாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அங்கே எடுத்த படம் ஒன்றைக் காட்டிச் சொன்னால் இன்னும் நல்லது.

சென்னையில் மயிலாப்பூர் லஸ் பக்கம் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. சிறியது, பழைய மரங்கள் உள்ளது, நடப்பவர்கள் எப்போதும் இருப்பதால் பறவைகள் மனிதர்களுக்குப் பழகியவை. டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் உணவகம் இருந்த இடத்தில் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவில் செடி வகைகள் நிறைய என்பதால் வண்ணத்துப்பூச்சிகளுக்கு நல்லது. கிண்டி சிறுவர் பூங்காவை ஒட்டியே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில், நகரத்தின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் நரியும் வாழும் காடு. அதன் உள்ளே நினைத்தபோது நடந்துவிட முடியாது. ஆனால் அதன் சுற்றுப்புறத்துச் சாலைகளில் நடந்தாலே காட்டின் பறவைகள் மதில் தாண்டி வருவதைப் பார்க்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பூநாரையும் கூழைக்கடாவும் நீலத்தாழைக்கோழியும் சாலையோரத்திலிருந்தே தெரியும். ஆனால் அது நீண்ட லென்ஸ் கேட்கும் இடம். முதல் ஆண்டில் அங்கே மாதம் ஒருமுறை போனால் போதும்.

போகுமுன் வாசலில் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கண்டுகொள்ளாத பூங்காவிலும் பெரிய கேமராவுக்கு அனுமதியோ கட்டணமோ கேட்கலாம். வாட்ச்மேனிடமும் தோட்ட வேலை செய்பவர்களிடமும் முதல் வாரத்திலேயே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஆந்தை எந்தப் பொந்தில் இருக்கிறது, கீரி எந்த நேரத்தில் பாதையைக் கடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தப் பறவைக் கையேட்டிலும் இல்லாத செய்தி அது.

முதல் சில நடைகளில் கேமரா பையிலேயே இருக்கட்டும். பூங்காவைக் காகிதத்தில் கையால் வரையுங்கள். எந்த மரம் எங்கே, எது பழுத்திருக்கிறது, எது பூத்திருக்கிறது, காலை வெயில் எந்தப் பக்கத்திலிருந்து எந்த இடைவெளி வழியாக விழுகிறது என்று குறியுங்கள். அந்த வரைபடம்தான் இந்த ஆண்டு முழுவதும் உங்கள் வழித்துணை.

வெளிச்சம்

நம் ஊர் வெயிலைப் புரிந்துகொள்ளாமல் மேலைநாட்டுப் புத்தகங்களின் அறிவுரையை அப்படியே பின்பற்றினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சூரியன் எழுந்த பிறகு இரண்டு மூன்று மணிநேரம் பொன்வெயில் என்று அவற்றில் எழுதியிருப்பார்கள். பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கும் நமக்குச் சூரியன் சரிவாக நகராமல் விறுவிறுவென்று நேராக மேலே ஏறுகிறது. சென்னையில் கோடையில் எட்டு மணிக்கே வெயில் கடுமையாகிவிடும். மென்மையான வெளிச்சம் நமக்குக் கிடைப்பது சுமார் ஒன்றரை மணிநேரம்தான். ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.45-க்கு முன்பே எழுகிறது, ஜனவரி இறுதியில் 6.35 ஆகிறது. பூங்கா திறக்கும்போதே உள்ளே இருப்பவருக்குத்தான் அந்த வெளிச்சம்.

ஆண்டில் இரண்டு நாட்கள், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், சென்னையில் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. அந்த நாட்களை ஒட்டிய வாரங்களில் பகல் வேளையில் எடுத்த எந்த முகமும் கண்குழி இருண்டு தெரியும், மனித முகமானாலும் மைனா முகமானாலும். மாறாக, டிசம்பரில் நண்பகலிலும் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துதான் இருக்கிறது. மார்கழியிலும் தையிலும் பத்து மணிவரைகூடத் தயங்காமல் எடுக்கலாம். கேமராவைக் கையில் எடுக்கச் சிறந்த மாதங்கள் அவைதான். வலசை வரும் பறவைகளும் அப்போதுதான் இங்கே இருக்கின்றன.

மேகமூட்டமான நாளை வீணான நாள் என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எனக்கு அது மிகப் பிடித்த நாள். ஐப்பசி மழை விட்ட காலை, வானம் முழுக்க வெள்ளைத் திரை கட்டியதுபோல் இருக்கும்போது நிழலும் வெயிலும் சண்டையிடாது. இலையின் பச்சையும் மரப்பட்டையின் நிறமும் ஈரத்தில் முழுதாகத் தெரியும். பூச்சி, காளான், மரப்பட்டை, பூ, நனைந்த பெஞ்சு எல்லாவற்றுக்கும் அந்த வெளிச்சம் போதும். வானத்தை மட்டும் சட்டத்துக்குள் விடாதீர்கள். வெறும் வெள்ளையாகத் தெரிந்து படத்தைக் கெடுக்கும்.

சூரியனுக்கு எதிராக எடுப்பதையும் பழகிக்கொள்ளுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில், காலைவெயில் கிளைகளின் ஊடே பட்டை பட்டையாக இறங்கும்போது, நடப்பவர்கள் அந்தப் பட்டைகளுக்குள் நுழைந்து வெளியேறுவார்கள். வெயில்பட்டையில் கவனத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஒருவர் அதற்குள் கால்வைக்கும்வரை காத்திருந்து எடுங்கள். கைப்பேசியிலேயே இதைச் செய்யலாம். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் கவனமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்தால் படம் இருளும். நிழல்கள் கறுத்து, வெயில் மட்டும் நிற்கும்.

கையில் இருக்கும் கருவி

கைப்பேசி மட்டும் இருந்தால் மரம், வெளிச்சம், மனிதர்கள், மெதுவாக நகரும் பூச்சிகள், மழைநீரில் விழும் பிம்பம் ஆகியவற்றை எடுங்கள். பறவையை விரலால் பெரிதாக்கி எடுக்க வேண்டாம். கிடைப்பது கட்டம் கட்டமான கறை மட்டுமே. ஒரு கைப்பேசி வைத்திருப்பவர் ஒரு நாகலிங்க மரத்தை மட்டும் ஓராண்டு எடுத்தால், பூ, காய், உதிரும் இலை, துளிர் என்று ஒரு கண்காட்சிக்குப் போதுமான படங்கள் சேரும்.

பறவைதான் ஆசை என்றால், தொடக்கத்தில் லென்ஸ் மாற்ற முடியாத அதிஜூம் கேமரா ஒன்றே போதும். 2015-இல் வந்த நிக்கான் பி900 போன்றவை 83 மடங்கு நெருக்கிக் காட்டுபவை. இவ்வகைக் கேமராக்கள் பழையதாக நல்ல நிலையில் கிடைக்கும். வெயில் உள்ள நேரத்தில் நன்றாக வேலை செய்யும், நிழலில் திணறும். லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் 70-300 மி.மீ. லென்ஸ் பூங்காவுக்குத் தாராளம். 600 மி.மீ. லென்ஸை முதல் ஆண்டில் வாங்காதீர்கள். அதன் எடையே உங்களைப் பூங்காவுக்குப் போகவிடாமல் செய்துவிடும்.

அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/300 நொடிக்குக் கீழே போகக்கூடாது. சிறிய சென்சார் கேமரா என்றால் 1/500 வைத்துக்கொள்வது நல்லது. துள்ளிக்கொண்டே இருக்கும் தையல்சிட்டுக்கும் அணிலுக்கும் 1/1000, பறப்பதற்கு 1/1600 அல்லது அதற்கு மேல். அப்பர்ச்சரை எஃப் 6.3-இலிருந்து எஃப் 8-க்குள் வையுங்கள். ஐஎஸ்ஓவைக் கேமராவே தீர்மானிக்கட்டும், மேல்வரம்பை மட்டும் 3200 என்று கட்டிவிடுங்கள். புள்ளிபுள்ளியான படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். கலங்கிய படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. கவனப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து அதைக் கண்ணின்மேல் நிறுத்துங்கள். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கியிருந்தாலும் படம் நிற்கும்.

காக்கையும் கொக்கும்

வெளிச்ச அளவைக் கற்றுக்கொள்ள நம் ஊர் தரும் பாடம் போல வேறெங்கும் கிடைக்காது. ஒரே புல்தரையில் கன்னங்கரிய காகமும் வெள்ளை வெளேர் என்ற உண்ணிக்கொக்கும் பக்கத்துப் பக்கத்தில் மேய்கின்றன. கேமராவுக்கு எது கறுப்பு, எது வெள்ளை என்று தெரியாது. எல்லாவற்றையும் சராசரியாக்கி நடுத்தர சாம்பல் நிறமாக மாற்றவே அது முயலும். காகம் சட்டத்தை நிறைத்தால் அதை வெளுக்கச் செய்து, பின்னால் இருப்பதை எரித்துவிடும். கொக்கு நிறைத்தால் அதை மங்கச் செய்யும். ஆனால் கொக்கு சிறியதாகவும் பின்னணி இருட்டாகவும் இருந்தால் கதை தலைகீழ். கேமரா இருட்டைப் பார்த்துத் திறந்துகொள்ளும், கொக்கின் இறகுகள் வெள்ளைக் கறையாக உருகிவிடும். பெரும்பாலும் நமக்கு நேர்வது இந்தக் கடைசி நிலைதான்.

ஆகவே நிழலான பின்னணியில் கொக்கு நின்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் எனும் வெளிச்ச ஈட்டை -1 வரை குறையுங்கள். வானத்தின் பின்னணியில் காகமோ நீர்க்காகமோ உட்கார்ந்திருந்தால் +1 அல்லது அதற்கு மேலும் ஏற்றுங்கள். இரண்டையும் ஒரு வாரம் மாற்றி மாற்றி எடுத்து, வீட்டில் பெரிய திரையில் பாருங்கள். காகத்தின் கழுத்துச் சாம்பலும் முதுகின் நீலப் பளபளப்பும் பிரிந்து தெரிய வேண்டும். கொக்கின் இறகில் வரி தெரிய வேண்டும். இந்த இரண்டும் கைவந்துவிட்டால் இடைப்பட்ட எல்லாப் பறவைகளும் எளிது.

காகத்தைப் படமெடுப்பதை யாரும் மதிப்பதில்லை. சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912-1996) மதித்தார். 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றிய பத்தி எழுதிய அவர், யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்காகப் புகழ்பெற்றவர். ஆனால் அவர் எழுத்தைப் படித்தால், காட்டு யானைக்குக் கொடுத்த அதே கவனத்தை வீட்டைச் சுற்றித் திரியும் அணிலுக்கும் காகத்துக்கும் பல்லிக்கும் கொடுத்திருப்பது தெரியும். தமிழில் அவர் எழுதியவை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய புத்தகம் என்று பரிந்துரைக்கிறேன். அதில் லென்ஸ் பற்றித் தேடாதீர்கள். பார்ப்பது எப்படி என்று தேடுங்கள்.

கிட்டே போவது

இனி இந்த அத்தியாயத்தின் மையப் பகுதி. ஜூம் போதவில்லை என்று வருந்துகிறவர்கள் பெரும்பாலும் நடையைக் கற்றுக்கொள்ளாதவர்கள்.

பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். நேராக வருவது வேட்டையாட வருவதுதான், இது அதற்குப் பிறவியிலேயே தெரியும். குறுக்காக, அதைக் கடந்து வேறெங்கோ போகிறவர்போல் நடந்து, கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள். கண்ணை அதன்மேல் வைக்காதீர்கள். அது இறகு கோதத் தொடங்கினாலோ, ஒரு காலை மடக்கி நின்றாலோ, இரை தேடத் திரும்பினாலோ உங்களை ஏற்றுக்கொண்டது என்று பொருள். அடுத்த சில அடிகள் வையுங்கள். உடலை நெட்டாக்கி, கழுத்தை நீட்டி, உங்களையே பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். புள்ளி ஆந்தை தலையை மேலும் கீழுமாக ஆட்டுவது வேடிக்கைக்காக அல்ல. உங்களால் அது கலவரப்பட்டிருக்கிறது. இரண்டு படம் எடுத்துக்கொண்டு பின்வாங்கிவிடுங்கள். பகலில் விரட்டப்பட்ட ஆந்தையைக் காகங்கள் கூட்டமாகச் சூழ்ந்து துரத்தும், அதற்கு நாம் காரணமாகக் கூடாது. நீர்நிலைப் பக்கம் என்றால் ஆட்காட்டிக் குருவியின் எல்லைக்குள் நுழையாதீர்கள். அது ஒருமுறை கத்தினால் போதும், சுற்றியுள்ள எல்லாப் பறவையும் எழும்பிவிடும்.

கிட்டே போவதைவிடச் சிறந்தது, அதை நம்மிடம் வரவிடுவது. இங்கேதான் நீங்கள் வரைந்த வரைபடம் பயன்படுகிறது. ஆலமரமோ அரசமரமோ பழுத்திருக்கும் நாட்களில் வேறெங்கும் அலைய வேண்டாம். செம்மார்புக் குக்குறுவான், சின்னான், மாங்குயில், குயில், மைனா, கிளி என்று ஊரே அங்கே விருந்துக்கு வரும். மரத்தடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் வயிறு மட்டுமே கிடைக்கும். பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படி, மேடான நடைபாதை, சிறுவர் சறுக்குமரத்தின் மேல்தட்டு, எது பழத்தின் உயரத்துக்கு உங்களைக் கொண்டுபோகுமோ அங்கே நில்லுங்கள். மாசி பங்குனியில் இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும் கல்யாண முருங்கையும் முள்ளிலவும் இதைவிட மேல், ஏனென்றால் மறைக்க இலையே இல்லை. தேனுக்கு வரும் பறவையின் முகத்தில் மகரந்தம் ஒட்டியிருப்பதுவரை தெரியும்.

வேட்டையாடும் பறவைகளுக்குத் தனி வழி உண்டு. கரிச்சான், பஞ்சுருட்டான், மீன்கொத்தி மூன்றும் ஒரு கம்பையோ கம்பியையோ ஆசனமாக வைத்துக்கொண்டு, இரையைப் பிடித்துவிட்டு அங்கேயே திரும்புகின்றன. பஞ்சுருட்டான் பறந்துவிட்டதே என்று நகராதீர்கள். அது போன கணத்தில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது. இரண்டு அடி வலமோ இடமோ நகர்ந்து பின்னணியில் மின்கம்பமோ குப்பைத்தொட்டியோ இல்லாமல் சரிசெய்துகொண்டு, வெறும் கம்பில் கவனத்தை வைத்துக் காத்திருங்கள். அது தட்டானைக் கவ்வியபடி திரும்பி வந்து, கம்பில் அதை அடித்துக் கொன்று, மேலே தூக்கிப்போட்டு விழுங்கும். அந்தச் சில நொடிக்குத் தொடர்ந்து எடுக்கும் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள்.

பறக்கும் கணத்தை எடுக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். எழும்பப்போகும் பறவை பெரும்பாலும் எச்சமிடும், பிறகு உடலைத் தாழ்த்திக் காலை மடக்கும். எச்சம் விழுந்ததும் விரலை ஷட்டரில் வைத்துவிடுங்கள். இரண்டாவது, பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்புகின்றன, காற்றை எதிர்த்தே இறங்குகின்றன. கடற்கரை ஊர்களில் இது ஒரு சிக்கல். மாலையில் வெயில் மேற்கே, கடற்காற்றோ கிழக்கிலிருந்து. வெயிலைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றால் எல்லாப் பறவையும் வாலைக் காட்டிக்கொண்டு விலகிப்போகும். அதனால் மாலையில் பறப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவற்றை எடுங்கள். கிழக்கிலிருந்து காற்று வரும் காலைகள் கிடைக்கும்போது நீர்நிலைக்குப் போங்கள். வெயிலும் காற்றும் ஒரே பக்கம் இருப்பதால் பறவைகள் உங்களை நோக்கி முகம் காட்டி வரும்.

தரையில் மேயும் எதையும் நின்றபடி எடுக்காதீர்கள். மைனாவை நின்று எடுத்தால் அது நடைபாதையில் கிடக்கும் ஒரு பொருள். வயிற்றைத் தரையில் படியவைத்து அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால் அது ஓர் ஆளுமை. பழைய பாய்த்துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் சட்டை அழுக்காகும் கவலை இருக்காது.

சின்ன உயிர்கள்

பறவை சலிக்கும் நாளில் கீழே பாருங்கள். எருக்கஞ்செடி ஒன்று வேலியோரம் முளைத்திருந்தால் அதுவே ஒரு பூங்கா. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதன் இலையில்தான் முட்டையிடுகிறது. வரிப் புழு, பச்சைக் கூட்டுப்புழு, ஆரஞ்சு இறக்கை எல்லாவற்றையும் அதே செடியில் எடுக்கலாம். வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வேறு வகை அழகிகள் வளர்கின்றன. பறவை எச்சம்போல் தெரியும் இளம்புழுவைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

வண்ணத்துப்பூச்சி காலையில் உடல் சூடேறும்வரை சிறகு விரித்து வெயில்காயும். ஏழு மணியிலிருந்து எட்டு மணிவரை அது பொறுமையாக உட்காரும், ஒன்பதுக்குப் பிறகு துரத்தி ஓடத்தான் வேண்டும். விரித்த சிறகும் கேமராவின் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி நின்றால் இரு சிறகும் தெளிவாக விழும். உங்கள் நிழல் அதன்மேல் பட்டால் பறந்துவிடும்.

புரட்டாசி முதல் பூங்காவின் மேலே கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தட்டான்களைக் கவனியுங்கள். மழையைத் தொடர்ந்து போகும் இவை இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவரை செல்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் தெருமுனைப் பூங்காவில் ஒரு குச்சி நுனியில் அது இளைப்பாறும்போது எடுத்த படத்துக்கு எவ்வளவு பெரிய பின்கதை! ஓணானையும் விட்டுவிடாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செக்கச்சிவந்துவிடும். மதில்மேல் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கும் அதை வெறுங்கைப்பேசியோடு ஆறடியிலிருந்து எடுக்கலாம்.

மாதங்களோடு நடப்பது

பூங்காவின் ஆண்டை நாட்காட்டியாக முன்கூட்டியே சொல்லிவிட முடியாது, மழை தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும். ஆனால் எதை எப்போது எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருப்பது நல்லது. மழைக்காலத் தொடக்கத்தில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி இறங்கும். காய்ந்த இலைகளைக் கிளறிக்கொண்டு நிழலில் தத்தும் அதை, கூட்டப்படாத அந்த மூலையில் தேடுங்கள். அரசவால் ஈப்பிடிப்பானும் இந்த மாதங்களில்தான் நகரத் தோட்டங்களுக்கு வரும். தை மாதத்தில் பொங்கல் விடுமுறையை ஒட்டி ஊர்ப் பறவைகளைக் கணக்கிடும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால்மணி நேரம் நின்று எண்ணிப் பதிவேற்றினால் போதும், யாரும் கலந்துகொள்ளலாம். படமெடுப்பவருக்கு அது நல்ல பள்ளி.

சித்திரையில் சரக்கொன்றை பூக்கும். வைகாசி ஆனியில் செய்ய வேண்டிய ஒரு வேலையை ஆண்டுதோறும் பலர் தவறவிடுகிறார்கள். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கூட்டைவிட்டு வெளியே வந்த குயில் குஞ்சு கிளையில் உட்கார்ந்து இறக்கையைப் படபடத்து வாயைப் பிளக்க, காகம் அதற்கு ஊட்டுவதைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? அந்தக் குஞ்சு விடாமல் கத்தும். சத்தத்தைப் பின்தொடர்ந்தால் மரம் கிடைத்துவிடும். கூட்டுக்கு அருகே போகத் தேவையே இல்லை. உயிர்களின் உறவைக் காட்டும் இப்படியொரு படத்துக்காகக் காட்டுக்கு ஆயிரம் மைல் போகிறவர்கள் உண்டு.

செய்யக்கூடாதவை

கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது படமெடுக்காதீர்கள். மறைக்கும் இலையை ஒதுக்குவதும், கிளையை வளைப்பதும் வெயிலுக்கும் காகத்துக்கும் குஞ்சுகளைக் காட்டிக்கொடுப்பதாகும். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்தான் என்று நம்பி அது இரையையும் இணையையும் விட்டுவிட்டு உங்களிடம் சண்டைக்கு வருகிறது. ஆந்தைக்கு ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பிஸ்கட்டும் பொரியும் போட்டு எதையும் இழுக்காதீர்கள். ஆந்தைப் பொந்தின் இடத்தைப் படத்தோடு சேர்த்து வெளியிடாதீர்கள். நாளைக்கு இருபது பேர் அந்த மரத்தடியில் நிற்பார்கள், அடுத்த வாரம் பொந்து காலியாகிவிடும்.

மனிதர்களைப் பொறுத்தவரை கேட்டுவிட்டு எடுப்பதே என் வழி. "ஐயா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றால் செய்தித்தாள் படிக்கும் பெரியவர் பெரும்பாலும் தலையாட்டுவார். கேட்டதும் நிமிர்ந்து விறைப்பாகிவிடுவார் என்பது உண்மைதான். பேசிக்கொண்டே கொஞ்சம் காத்திருந்தால் தன் இயல்புக்குத் திரும்பிவிடுவார். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். குழந்தைகளை அவர்களுடைய பெற்றோரின் அனுமதியின்றி எடுக்கவே கூடாது. உடற்பயிற்சி செய்யும் பெண்களை நோக்கி நீண்ட லென்ஸைத் திருப்புவது அவர்களுடைய காலையையே கெடுத்துவிடும், லென்ஸ் பறவையைப் பார்க்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் நிற்கவே வேண்டாம். வாசலில் பூ விற்கும் அம்மாவைப் படமெடுத்தால் பிரதி ஒன்றை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதன்பின் அந்தப் பூங்கா உங்களை அந்நியராகப் பார்க்காது.

வீடு திரும்பிய பிறகு

நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று லென்ஸின் எதிரி. துணிப்பையில் பூட்டி அலமாரியில் வைத்த லென்ஸுக்குள் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை நூல்நூலாகப் படர்ந்துவிடும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். குருணையின் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மீண்டும் பயன்படும். அதைவிட நல்ல மருந்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோனால் கண்ணாடி வியர்த்துவிடும், பொன்வெயில் நேரம் துடைப்பதிலேயே போய்விடும். காலையில் போகிறீர்கள் என்றால் கேமராப் பை இரவு ஏசி இல்லாத கூடத்தில் இருக்கட்டும். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்வந்தால் உப்புப் படிவை உடனே, சற்று ஈரமான துணியால் கேமரா உடலிலிருந்து துடைத்துவிடுங்கள்.

எடுத்த படங்களை அன்றைக்கே பாருங்கள், ஆனால் அன்றைக்கே தேர்ந்தெடுக்காதீர்கள். உழைத்துப் பெற்ற படம் என்பதற்காகவே அது நல்ல படமாகத் தெரியும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பாசம் தணிந்திருக்கும். அப்போது கலங்கியவற்றையும் கண் மூடியவற்றையும் அழித்துவிட்டு, ஒரு நடைக்கு இரண்டோ மூன்றோ வைத்துக்கொள்ளுங்கள். தெளிவில்லாத படமாக இருந்தாலும் ஒரு பறவையின் முதல் வருகையைக் காட்டினால் அதை வைத்திருங்கள். அது படமாக இல்லாவிட்டாலும் பதிவு. இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையப் பதிவுத் தளங்களில் அப்படிப்பட்ட பதிவுகளுக்குத்தான் மதிப்பு.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியை முதலில் போட்டு, இடம், உயிரினம், அது என்ன செய்கிறது என்று எழுதுங்கள்: '2025-06-14 நாகேஸ்வர ராவ் பூங்கா, குயில் குஞ்சு, காகம் ஊட்டுகிறது'. எந்த மரம் என்றும் சேர்த்தால் இன்னும் நல்லது. இப்படி ஓராண்டு பெயரிட்டுவந்தால், எந்த மரம் எந்த வாரத்தில் பழுத்தது, எந்தப் பறவை என்று வந்தது என்பது கணினியில் தானாகவே வரிசையாக நிற்கும். அடுத்த ஆண்டு எந்த வாரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். மொத்தக் கோப்பையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்து, ஒன்றை உங்கள் வீட்டில் அல்லாமல் உறவினர் வீட்டில் வையுங்கள்.